பாப்பரசரின் வாசலுக்கு வந்த யூதர்: தியோடோர் ஹெர்சல்



ஜெபமாலை சொல்லும் வீட்டில் நசரேத்தும் பெத்லேமும் ஜெருசலேமும் அந்நியப் பெயர்கள் அல்ல. பக்கத்துச் சந்தைக்குப் போகும் வழியைக் காட்டிலும் கல்வாரி மலைக்குப் போகும் வழி நம் பாட்டிமாருக்கு நன்றாய்த் தெரியும். அப்பேர்ப்பட்ட பரிசுத்த நாட்டில் யுத்தம் என்று பத்திரிகையில் வாசிக்கும்போது, நம் வீட்டிலேயே ஏதோ நேர்ந்துவிட்டதுபோல் மனம் பதைக்கிறது. நியாயம் எவர் பக்கம் என்ற கேள்வியும் உடனே எழுகிறது.

பூசை முடிந்து வெளியே வரும்போது இக்கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் பலர். சிலர் கேள்வியோடு பதிலையும் கையிலேயே கொண்டு வருகிறார்கள். அந்த நாடு சர்வேசுரன் யூதருக்குக் கொடுத்தது, ஆகையால் வேறு பேச்சில்லை என்பார் ஒருவர். சேசுநாதரைக் கொன்ற ஜாதிக்கு நாடு எதற்கு என்பார் இன்னொருவர். இரண்டும் அவசரப் பதில்கள். இரண்டாவது பாவமான பதிலுங்கூட. பதில் சொல்லுமுன் ஒரு மனிதருடைய சரித்திரத்தைக் கேளுங்கள். அவர் யூதர். யூதருக்கு ஒரு நாடு வேண்டுமென்று கேட்டு அரசர்களின் வாசல்களைத் தட்டினவர். கடைசியாக நமது பரிசுத்த பாப்பரசரின் வாசலுக்கும் வந்தவர். அவர் பெயர் தியோடோர் ஹெர்சல்.

அவர் எதற்காக அலைந்தார் என்பது விளங்க, முந்தின காலத்தைச் சற்றே நினைவுகூர வேண்டும். தாவீது அரசாண்ட ஜெருசலேமைக் கி.மு. 6-ம் நூற்றாண்டில் பாபிலோனியர் இடித்தனர். யூதர் திரும்பி வந்து தேவாலயத்தை மறுபடி கட்டினர். அந்த இரண்டாம் தேவாலயத்தைக் கி.பி. 70-ல் ரோமைப் படைகள் அழித்தன. கி.பி. 135-ல் யூதருடைய கடைசிக் கலகமும் ஒடுக்கப்பட்டபின், ஜெருசலேமுக்குள் அவர்கள் கால்வைக்கவும் தடை ஏற்பட்டது. யூதர் சிலர் அந்நாட்டிலேயே எக்காலத்தும் தங்கியிருந்தனர். மற்றவர்கள் உலகமெங்கும் வாழ்ந்தனர். எங்கே வாழ்ந்தாலும் ஜெருசலேமை நோக்கியே செபித்தனர்.

கிறிஸ்தவ இராச்சியங்களில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1290-ல் இங்கிலாந்தும் 1492-ல் ஸ்பெயினும் அவர்களைத் துரத்திவிட்டன. பல நகரங்களில் தனிச்சேரியில் அடைபட்டு வாழ்ந்தார்கள். 1791-ல் பிரான்ஸ் தேசம் அவர்களைச் சரிசமமான பிரஜைகளாக ஏற்றுக்கொண்டது. மற்றத் தேசங்களும் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தன. இனிக் கஷ்டம் தீர்ந்தது என்று நம்பிய தலைமுறையில் பிறந்தவரே ஹெர்சல்.

1860-ம் ஆண்டு மே மாதம் 2-ம் தேதி, ஹங்கேரி நாட்டிலே இன்று புடாபெஸ்ட் எனப்படும் நகரில் அவர் பிறந்தார். தகப்பனார் வசதியுள்ள வியாபாரி. பெரிய யூத செபக்கூடத்தை அடுத்தே வீடு இருந்தது. ஆயினும் குடும்பத்தார் நாகரிகத்திலும் பேச்சிலும் ஜெர்மானியரைப் போலவே வாழ்ந்தனர். 1878-ல் அவருடைய ஒரே சகோதரி காய்ச்சல் கண்டு இறந்தாள். அந்தத் துக்கத்தோடு குடும்பம் வியன்னா நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஹெர்சல் சட்டம் படித்து 1884-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

படிக்கும் காலத்தில் அவர் ஒரு மாணவர் சங்கத்தில் சேர்ந்திருந்தார். நாளடைவில் அச்சங்கத்தாரிடையே யூதப் பகை தலைதூக்கியது. 1883-ல் ஒரு கூட்டத்தில் அப்பகை வெளிப்படையாகவே பேசப்பட்டபோது, மானமுள்ள அந்த வாலிபர் சங்கத்திலிருந்து தாமே விலகிக்கொண்டார். நெஞ்சில் தைத்த முதல் முள் அது.

வக்கீல் தொழிலை அவர் வெகு நாள் செய்யவில்லை. நாடகங்களும் பத்திரிகைக் கட்டுரைகளும் எழுதினார், பெயரும் வந்தது. 1889-ல் கலியாணம் ஆயிற்று. பவுலினா, ஹான்ஸ், துரூடே என மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1891-ல் வியன்னாவின் பெரிய பத்திரிகையொன்று அவரைப் பாரிஸ் நகரில் தன் நிருபராக நியமித்தது. நேர்த்தியான உடை, நீண்ட கருந்தாடி, கம்பீரமான நடை. பார்த்தவர்கள் அவரை ஒரு பிரபு என்றே எண்ணுவார்கள்.

இவ்விடத்தில் நம்மைத் திடுக்கிடச் செய்யும் ஒரு செய்தி உண்டு. பாரிஸில் இருந்த நாட்களில், யூதர்படும் துன்பத்துக்கு என்ன பரிகாரம் என்று யோசித்த ஹெர்சலுக்கு ஒரு விநோதமான எண்ணம் உதித்தது. பாப்பரசரிடம் போய், யூதப் பகையை ஒழிக்க அவருடைய உதவியைக் கேட்க வேண்டும்; அதற்குக் கைம்மாறாக, யூதப் பிள்ளைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், மணிகள் முழங்க, வியன்னாவின் அர்ச். முடியப்பர் பேராலயத்துக்கு ஊர்வலமாய்ப் போய் ஞானஸ்நானம் பெற வேண்டும். தாங்கள் பெரியவர்கள் வாசல்வரை கூடவே வந்து, யூதராகவே வெளியில் நின்றுவிட வேண்டும். இப்படி எண்ணினார்! விசுவாசத்தினால் எழுந்த ஆசையல்ல இது. பிள்ளைகளாவது இனி அடிபடாமல் வாழட்டும் என்ற ஒரு தகப்பனுடைய தவிப்பு. அவருடைய பத்திரிகை முதலாளி இந்த யோசனையை ஏற்கவில்லை. அதை அப்படியே கைவிட்டார். ஆனால் நாம் சிந்திக்க வேண்டும். ஞானஸ்நானத் தொட்டியை இரட்சணியத்தின் வாசலாக அல்ல, அடிக்குத் தப்பும் அடைக்கலமாக ஒரு மனிதர் எண்ணும்படி செய்தது எது? கிறிஸ்தவர்களாகிய நம்மவர்கள் அவர்களை நடத்திய விதமல்லவா?

1894-ன் கடைசியில் பாரிஸில் ஒரு வழக்கு நடந்தது. பிரெஞ்சுச் சேனையில் அதிகாரியாயிருந்த ஆல்பிரட் திரேபஸ் என்ற யூதர், ஜெர்மனிக்கு இராணுவ இரகசியங்களை விற்றார் என்று குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை அடைந்தார். 1895 ஜனவரி 5-ந் தேதி, இராணுவப் பள்ளியின் முற்றத்தில் எல்லார் முன்னிலையிலும் அவருடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்து, வாளை முறித்தார்கள். தாம் குற்றமற்றவர் என்று அவர் கூவினார். நிருபராக அங்கே போயிருந்தவர்களுள் ஹெர்சலும் ஒருவர். யூதருக்கு முதன்முதல் சமவுரிமை கொடுத்த தேசத்தின் தலைநகரிலேயே யூதருக்கு எதிரான கூச்சல் எழுந்தது. கத்தோலிக்கப் பத்திரிகைகள் சிலவும் அக்கூச்சலில் சேர்ந்துகொண்டன என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. திரேபஸ் நிரபராதி என்று 1906-ல் தீர்ப்பாயிற்று. அதைக் கேட்க ஹெர்சல் உயிரோடில்லை.

அதே 1895-ல், அவருடைய சொந்த நகரமான வியன்னாவில், யூதப் பகையையே முழக்கமாகக் கொண்ட கார்ல் லூயகர் என்பவருடைய கட்சி நகரசபைத் தேர்தலில் வெற்றி கண்டது. அக்கட்சி தன் பெயரிலேயே கிறிஸ்தவம் என்ற சொல்லைத் தாங்கியிருந்தது! எவ்வளவு படித்தாலும், எவ்வளவு உடுத்தினாலும், எந்தத் தேசத்துக்கு எவ்வளவு உழைத்தாலும், யூதன் அந்நியனே என்று ஹெர்சல் முடிவு கட்டினார். பிறர் இரக்கத்தில் வாழும் ஜனத்துக்கு இரட்சை இல்லை. அதற்குத் தனக்கென்று ஒரு நாடு வேண்டும். 1896 பிப்ரவரியில் இக்கருத்தை விளக்கி யூத நாடு என்னும் சிறு புத்தகத்தை வெளியிட்டார். அதில் பாலஸ்தீனத்தையும் தென்னமெரிக்காவின் அர்ஜென்டினாவையும் இடங்களாக எடுத்து ஆராய்ந்தார். ஆனால் ஏழை யூதருடைய இருதயம் எந்த நாட்டை நாடும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

பணக்கார யூதர் பலர் அவரைப் பரிகசித்தனர். தங்கள் தேசப்பற்றைக் குறித்துச் சந்தேகம் எழும் என்று அஞ்சினர். முதல் மகாநாட்டை ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரில் கூட்ட நினைத்தார். அவ்வூர் யூதரே வேண்டாம் என்றார்கள். ஆகவே 1897 ஆகஸ்டு 29 முதல் 31 வரை, சுவிட்சர்லாந்தின் பாஸெல் நகரில் மகாநாடு நடந்தது. சுமார் இருநூறு பிரதிநிதிகள் வந்தனர். யூத ஜனத்துக்குப் பாலஸ்தீனத்தில் சட்டப்படி உறுதிசெய்யப்பட்ட ஓர் இல்லம் வேண்டும் என்று தீர்மானித்தனர். இவ்வியக்கத்துக்குச் சீயோன் மலையின் பெயரால் சீயோனியம் என்று பெயர். மகாநாடு முடிந்தபின் ஹெர்சல் தம் நாட்குறிப்பில் ஒரு காரியத்தை எழுதிவைத்தார். யூத நாட்டைத் தாம் பாஸெலில் ஸ்தாபித்துவிட்டதாகவும், இன்று சொன்னால் உலகம் சிரிக்கும் என்றும், ஐந்து ஆண்டிலோ, நிச்சயமாய் ஐம்பது ஆண்டிலோ எல்லாரும் அதைக் காண்பார்கள் என்றும் எழுதினார். இதை எழுதி ஐம்பது ஆண்டும் சில வாரமும் கழிந்தபோது, ஐக்கிய நாடுகள் சபை அதற்கு வாக்களித்தது!

அன்று பாலஸ்தீனம் துருக்கி சுல்தானுடைய ஆளுகையில் இருந்தது. சுல்தானுக்கோ கடன்பாரம் தாங்கவில்லை. யூதச் செல்வர்களைக்கொண்டு அக்கடனைத் தீர்க்க உதவலாம், பதிலாக நாட்டைத் தரட்டும் என்று ஹெர்சல் எண்ணினார். 1901 மே மாதத்தில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதை நேரில் கண்டார். மரியாதை கிடைத்தது, நாடு கிடைக்கவில்லை. அதற்கு முன், 1898-ல், ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் பரிசுத்த நாட்டுக்கு யாத்திரை போனார். ஹெர்சலும் அவரைப் பின்தொடர்ந்து போய், நவம்பர் 2-ந் தேதி ஜெருசலேமில் அவரைப் பேட்டி கண்டார். அங்கும் இன்சொல் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. ஹெர்சல் தம் ஆயுளில் பாலஸ்தீனத்தைக் கண்டது அந்த ஒரே தடவை. தங்கியது பத்து நாள் அளவே.

பிரியமானவர்களே, இங்கே நில்லுங்கள். இந்தச் சரித்திரத்தின் முடிச்சு இவ்விடத்தில்தான் இருக்கிறது.

அந்த நாடு காலியாக இருந்ததா? இல்லை. அன்று ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அங்கே குடியிருந்தனர். மிகப் பெரும்பாலோர் அரபு மொழி பேசுவோர். அவர்களுள் அதிகமானோர் முஸ்லிம்கள். பத்தில் ஒருவர் அளவில் கிறிஸ்தவர்கள். ஒலிவத் தோப்பும் திராட்சைத் தோட்டமும் பாட்டன் முப்பாட்டன் கல்லறையும் உடையவர்கள். அப்போஸ்தலர் காலமுதல் விசுவாசம் அணையாத நாடு என்று நாம் பெருமையோடு சொல்கிறோமே, அந்த விசுவாசத்தைக் காத்தவர்களும் அவர்களுக்குள்ளேதான் இருந்தார்கள். அந்நாட்டில் பயிரிடாத நல்ல நிலம் கிடைப்பது அரிது என்று அஹாத் ஹாம் என்ற யூத அறிஞர் 1891-லேயே எழுதி எச்சரித்திருந்தார்.

1899 மார்ச்சு மாதத்தில் ஜெருசலேமிலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டது. எழுதியவர் யூசுப் தியா அல்-காலிதி. அந்நகரின் முன்னாள் நகரத் தலைவர். கற்றறிந்த முஸ்லிம் பெரியவர். பிரான்ஸ் தேசத்து யூதரின் தலைமைக் குருவுக்கு எழுதினார். அவர் அதை ஹெர்சலுக்கு அனுப்பிவைத்தார். கடிதத்தில் பகை இல்லை. யூதருடைய துன்பத்தைத் தாம் அறிந்திருப்பதாகவும், அந்நாட்டோடு அவர்களுக்குள்ள பழைய உரிமையை மறுக்கவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே இப்போது வேறு ஜனங்கள் வாழ்கிறார்கள் என்றும், பலவந்தமில்லாமல் இது நடவாது என்றும், பாலஸ்தீனத்தைச் சமாதானமாய் விட்டுவிட வேண்டும் என்றும் சர்வேசுரன் பெயரால் மன்றாடினார்.

ஹெர்சல் மரியாதையாகவே பதில் எழுதினார். யூதர் வருவதால் செல்வமும் தொழிலும் கல்வியும் பெருகும்; அங்கே இருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு; அவர்களை யார் வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று கேட்டார். ஆனால், இன்ன நாடு என்று முடிவாகாத 1895-ல், அவர் தம் அந்தரங்க நாட்குறிப்பில் வேறு விதமாகவும் யோசித்திருந்தார். யூதர் குடியேறும் நாட்டின் ஏழை ஜனங்களுக்கு எல்லைக்கு அப்பால் வேலை தேடிக்கொடுத்து, சத்தமில்லாமல் அவர்களை அகற்றிவிடலாம் என்பது அந்த யோசனை. 1902-ல் அவர் எழுதிய ஒரு கதையிலோ, வருங்கால யூத நாட்டில் அரபியர் சமவுரிமையோடு சந்தோஷமாய் வாழ்வதாகவும், யூதரல்லாதாரை ஒதுக்கப் பார்க்கும் அரசியல்வாதி தோற்றுப்போவதாகவும் சித்திரித்தார். இவற்றுள் எது உண்மையான ஹெர்சல்? கொடுமை செய்யும் நோக்கம் அவருக்கு இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் அந்த ஜனங்களுக்கு எது நன்மை என்று தாமே தீர்மானித்தாரேயன்றி, அவர்களைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு தோப்புக்காரனிடம் போய், உன் தோப்பில் நான் வீடு கட்டினால் உனக்குத்தான் இலாபம் என்று எவ்வளவு இனிமையாய்ச் சொன்னாலும், அவன் சம்மதத்தைக் கேளாவிட்டால் அது நியாயமாகுமா?

நிற்க. ஹெர்சலுடைய அவசரத்துக்கும் காரணம் இருந்தது. 1903-ம் ஆண்டு பாஸ்குத் திருநாளன்று, ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையிலிருந்த கிஷினேவ் நகரில் ஒரு கும்பல் யூதர் வீடுகளில் புகுந்து இரண்டு நாள் அட்டூழியம் செய்தது. ஏறக்குறைய ஐம்பது பேர் கொல்லப்பட்டனர். உயிர்த்தெழுந்த ஆண்டவரை வாழ்த்திப் பாடிய வாயோடு கொலைக்குப் போன கிறிஸ்தவர்களை என்னென்பது! அந்த ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம், கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கென்யாவைச் சேர்ந்த ஒரு மேட்டு நிலத்தை யூதர் குடியேற்றத்துக்குத் தருவதாகச் சொன்னது. உகாண்டாத் திட்டம் என்று இதை அழைப்பார்கள். உயிர் தப்பினால் போதும் என்று எண்ணிய ஹெர்சல், ஆகஸ்டு மாதம் நடந்த ஆறாம் மகாநாட்டில் இதை ஆராயும்படி கேட்டார். பெரும்பான்மையோர் சம்மதித்தனர். ஆனால் ருஷ்யப் பிரதிநிதிகள் அழுதுகொண்டு வெளியேறினர். இரத்தம் காயாத கிஷினேவிலிருந்து வந்தவர்களே ஆப்பிரிக்கா வேண்டாம் என்றார்கள். சீயோனைத் தவிர வேறு மண்ணை அவர்கள் மனம் ஏற்கவில்லை. ஏற்கெனவே பலவீனமாயிருந்த ஹெர்சலின் இருதயம் இதனால் இன்னும் நொந்தது.

கடைசியாக அவர் ரோமாபுரிக்கு வந்தார். 1904 ஜனவரி 22-ல் இராஜாங்கச் செயலர் மெரி தெல் வால் கர்தினாலையும், 23-ல் இத்தாலி அரசரையும் கண்டார். 25-ந் தேதி பாப்பரசர் பத்தாம் பத்திநாதரின் சந்நிதிக்கு அழைக்கப்பட்டார். அர்ச்சியசிஷ்டராக 1954-ல் பீடத்துக்கு உயர்த்தப்பட்ட அதே பாப்பரசர்தான். சிறு பிள்ளைகளுக்குத் தேவநற்கருணை வழங்க வழிதிறந்த மகாத்துமா. ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பாப்பரசராகி ஆறு மாதமும் ஆகவில்லை.

நடந்ததை ஹெர்சல் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பாப்பரசர் கையை நீட்டினார். முத்தி செய்ய வேண்டும் என்று ஹெர்சலுக்குச் சொல்லப்பட்டிருந்தது, அவர் செய்யவில்லை. பரிசுத்த ஸ்தலங்களை யூதர் தொடமாட்டோம், தேவரீருடைய நல்லெண்ணம் வேண்டும் என்று விண்ணப்பித்தார். பாப்பரசர் உறுதியாய் மறுத்தார். யூதர் ஜெருசலேமுக்குப் போவதைத் தம்மால் தடுக்க முடியாது, ஆனால் அதை ஒருக்காலும் அங்கீகரிக்க முடியாது; யூதர் நம் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஆதலால் திருச்சபை யூத ஜனத்தை அங்கீகரிக்க இயலாது; அவர்கள் அங்கே போய்க் குடியேறினால் எல்லாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக் கோவில்களும் குருக்களும் தயாராயிருக்கும் என்றார். யூதரோடு தாம் எக்காலத்தும் நட்பாய்ப் பழகியதையும் சொன்னார். இடையே அவர் மூக்குப்பொடி போட்டு, ஒரு பெரிய சிவப்புக் கைக்குட்டையில் தும்மினாராம். அந்தக் கிராமத்து எளிமை தமக்குப் பிடித்திருந்தது என்று, மனமுடைந்த நிலையிலும் ஹெர்சல் எழுதினார். இருவரும் நேர்மையானவர்கள், ஒருவரையொருவர் அவமதிக்கவில்லை. ஆயினும் ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கவனியுங்கள்: அந்த உரையாடலில் பரிசுத்த ஸ்தலங்களைப் பற்றிப் பேச்சு வந்தது, துருக்கியரைப் பற்றி வந்தது. ஆனால் அந்த நாட்டில் உழுது விதைத்துக்கொண்டிருந்த குடிகளைப் பற்றி இருவருமே பேசியதாகக் காணோம்.

அதற்குப்பின் ஹெர்சல் ஆறு மாதங்கூட வாழவில்லை. 1904 ஜூலை 3-ந் தேதி, ஆஸ்திரியாவின் எட்லாக் என்ற மலையூரில், இருதய நோயால் இறந்தார். வயது 44. வியன்னாவில் தகப்பனார் அருகே அடக்கம் செய்தார்கள். 1949 ஆகஸ்டில் அவருடைய எலும்புகளை ஜெருசலேமுக்குக் கொண்டுபோய், இன்று அவர் பெயரைத் தாங்கும் மலையில் வைத்தார்கள்.

அவர் குடும்பத்தின் கதி கேட்க நெஞ்சு பொறுக்காது. மூத்த மகள் பவுலினா 1930-ல் பிரான்ஸில் நோயுற்று இறந்தாள். சிலகாலம் கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்து பின்பு விலகிய மகன் ஹான்ஸ், அந்தத் துயரம் தாங்காமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். கடைக்குட்டி துரூடே 1943-ல் ஹிட்லருடைய தெரேசியன்ஸ்டாட் முகாமில் மாண்டாள். தன் ஜனத்துக்கு அடைக்கலம் தேடி அலைந்த தகப்பனுடைய சொந்த மகளுக்கு அடைக்கலம் கிடைக்கவில்லை. அவளைப்போல அறுபது லட்சம் யூதர் அந்நாட்களில் கொலையுண்டனர். யூதர் ஏன் ஒரு நாடு கேட்டார்கள் என்று இனி ஒருவர் கேட்டால், இந்த எண்ணிக்கையைச் சொன்னால் போதும்.

இதற்கிடையே காரியங்கள் வேகமாய் நடந்தன. 1917 நவம்பர் 2-ல் இங்கிலாந்து அரசாங்கம் பாலஸ்தீனத்தில் யூதருக்கு ஒரு தேசிய இல்லம் அமைய உதவுவதாக வாக்குக் கொடுத்தது. அங்குள்ள மற்ற ஜனங்களின் சமய உரிமைக்கும் குடியுரிமைக்கும் பங்கம் வராது என்றும் சேர்த்துச் சொன்னது. 1947 நவம்பர் 29-ல் ஐக்கிய நாடுகள் சபை நாட்டை இரண்டாகப் பிரிக்க முடிவு செய்தது. 33 நாடுகள் ஆதரித்தன, 13 எதிர்த்தன. எதிர்த்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. யூதர் ஏற்றனர், அரபியர் மறுத்தனர். 1948 மே 14-ல் இஸ்ராயேல் நாடு பிரகடனமாயிற்று. மறுநாளே அண்டை அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. அந்த யுத்த காலத்தில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடிழந்தனர். சிலர் பயந்து ஓடினர், பலர் துரத்தப்பட்டனர், திரும்பிவர அனுமதி கிடைக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அரபு நாடுகளிலிருந்தும் லட்சக்கணக்கான யூதர் வீடு வாசலைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1967 யுத்தத்தில் கிழக்கு ஜெருசலேமும், யோர்தான் நதியின் மேற்குக் கரையும், காஸாவும் இஸ்ராயேல் வசமாயின.

இந்தப் பெரிய எண்களுக்குள்ளே ஒரு சிறிய ஊரை உங்களுக்குக் காட்டுகிறேன். கலிலேயா நாட்டின் வடகோடியில் இக்ரித் என்றோர் ஊர். குடிகளில் மிகப் பெரும்பாலோர் நம்மைப்போல் கத்தோலிக்கர். கிரேக்க முறையில் பூசை காணும் அரபியர். 1948 நவம்பரில் இராணுவத்தார் வந்து, இரண்டு வாரத்துக்கு மட்டும் ஊரைவிட்டுப் போயிருங்கள் என்றனர். போனார்கள். திரும்ப விடவில்லை. வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் திரும்பலாம் என்று இஸ்ராயேலின் உயர்ந்த நீதிமன்றமே 1951 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆனால் அவ்வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் இராணுவம் ஊரின் வீடுகளையெல்லாம் வெடிவைத்துத் தகர்த்தது. கோவில் மட்டும் நின்றது. ஊரார் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அந்தக் கோவிலுக்கு வந்து பூசை காண்கிறார்கள். தங்கள் மரித்தோரை அவ்வூர் மண்ணிலேயே அடக்குகிறார்கள். உயிரோடு குடியிருக்கத்தான் இடமில்லை. அல்-காலிதியின் கடிதம் சொன்னது இதைத்தான்.

நம் திருச்சபையும் இக்காலமெல்லாம் தன் மனச்சாட்சியைச் சோதித்து வந்தது. பெரிய வெள்ளிக்கிழமைச் செபத்தில் யூதரைக் குறித்து நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு கடுஞ்சொல்லை 1959-ல் பாப்பரசர் 23-ம் அருளப்பர் நீக்கினார். 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவருடைய பாடுகளுக்கு அன்றிருந்த யூதர் எல்லார் மேலும், இன்றுள்ள யூதர் மேலும் பழி சுமத்தலாகாது என்று போதித்தது. 1993 டிசம்பர் 30-ல் பரிசுத்த பீடமும் இஸ்ராயேலும் உடன்படிக்கை செய்தன. 2015-ல் பாலஸ்தீன நாட்டோடும் பரிசுத்த பீடம் உடன்படிக்கை செய்தது. ஒன்றை ஏற்றதால் மற்றதைத் தள்ளிவிடவில்லை.

ஆனாலும் சமாதானம் வந்தபாடில்லை. 2023 அக்டோபர் 7-ல் காஸாவிலிருந்து ஹமாஸ் இயக்கத்தார் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றனர். ஏறக்குறைய 250 பேரைப் பிணையாய்ப் பிடித்துச் சென்றனர். அதைத் தொடர்ந்த யுத்தத்தில் காஸாவில் பல பதினாயிரம் பேர் மாண்டனர். அங்கே ஒரே ஒரு கத்தோலிக்கப் பங்கு உண்டு. திருக்குடும்பத்தின் பெயரைக் கொண்டது. நூற்றுக்கணக்கானோர் அக்கோவில் வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். பாப்பரசர் பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் இறக்கும் நாள்வரை, ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் அந்தப் பங்குக்குத் தொலைபேசியில் பேசி, என்ன சாப்பிட்டீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்து வந்தார். பிணையாளிகளுடைய குடும்பத்தாரையும் அவர் அழைத்துத் தேற்றினார்.

சரி, நியாயம் எவர் பக்கம்? ஹெர்சலுடைய சரித்திரம் எனக்குக் கற்பித்ததை மட்டும் சொல்கிறேன். அவர் தம் ஜனத்தின் கண்ணீரைக் கண்டார். அது மெய்யான கண்ணீர். அதைத் துடைக்கத் தம் பொருளையும் சுகத்தையும் உயிரையும் செலவிட்டார். இவ்வளவும் புண்ணியம். ஆனால் தாம் குடியேற விரும்பிய வீட்டில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான் என்ற கடிதம் கைக்கு வந்தபோது, அதைப் படித்தும் பாரத்தை உணரவில்லை. அடிபட்டவனுக்குப் பிறருடைய காயம் தானாகத் தெரிந்துவிடுவதில்லை. பாலஸ்தீனியருக்காக அழுகிறோம் என்று சொல்லி, யூதரை ஜாதியாகவே வெறுப்பவர்களுக்கும் இதே குறைதான். இக்கண்ணீரைப் பார்க்கிறவன் அக்கண்ணீரைப் பார்க்கமாட்டேன் என்கிறான். வேதாகமத்தை நிலப்பத்திரம்போல் எடுத்துக் காட்டுவதும், ஆண்டவருடைய சிலுவையை யூதர்மேல் ஓங்கும் தடியாக்குவதும் நமக்கு அடாத செயல். ஆண்டவரோ யூதத் தாயின் பிள்ளை. அவர் பிறந்த ஊராராகிய பெத்லேம் கிறிஸ்தவரோ இன்று பாலஸ்தீனியர். நாம் எவரை விலக்க முடியும்?

2014 மே மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் பரிசுத்த நாட்டுக்குப் போனார். 25-ந் தேதி பெத்லேமில், இஸ்ராயேல் எழுப்பிய பெரிய மதிலின் அருகே வண்டியைவிட்டு இறங்கி, கையையும் நெற்றியையும் அதில் வைத்து மௌனமாய்ச் செபித்தார். மறுநாள் ஜெருசலேமில் ஹெர்சலுடைய கல்லறைக்குப் போய் மலர்வளையம் வைத்தார். பத்தாம் பத்திநாதரின் அறையை விட்டு ஹெர்சல் வெறுங்கையோடு திரும்பி 110 ஆண்டு கழிந்திருந்தது. அதே நாளில், ஹிட்லருடைய கொடுமைக்குத் தப்பிய முதிய யூதர் சிலரை அவர் சந்தித்தார். கையை நீட்டி முத்திக்குக் காத்திருக்கவில்லை. தாமே குனிந்து, ஒவ்வொருவருடைய கையையும் எடுத்து முத்தி செய்தார்.

இந்த வாரம் உங்கள் வீட்டுச் ஜெபமாலையில் ஒரு பத்துமணியை இஸ்ராயேலின் தாய்மாருக்காகவும், இன்னொரு பத்துமணியைப் பாலஸ்தீனத்தின் தாய்மாருக்காகவும் ஒப்புக்கொடுங்கள். இரண்டையும் ஒரே மாலையிலே சொல்லுங்கள்.